ஆளுக்கு ஒரு பாட்டில்

நான். என் வீட்டுக்காரி. என் தங்கச்சி. தங்கச்சியின் புருஷன், அவன் என் வீட்டுக்காரிக்கு உடன்பிறந்த தம்பியும்கூட. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அவனை நான் மாப்பிள்ளை என்பேன். ஐந்தாவது ஆள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். வாளையார் செக்போஸ்ட்டில் முப்பது வருசம் லாரி மறித்துவிட்டு ஓய்வு பெற்றவர். கப்பல் ஏறியது இந்த ஐந்து பேர்.

சுற்றுலாக் கப்பல். கொச்சியில் ஏறி, கடலில் இரண்டு ராத்திரி இருந்துவிட்டு, கொச்சியிலேயே இறங்க வேண்டும். எங்கும் போய்ச் சேராது. மாப்பிள்ளையின் மகன் பெங்களூரில் இருக்கிறான். அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருசம் என்று சீட்டுப் போட்டான். எங்களுக்கும் முப்பதுதான். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். அதனால் எங்களுக்கும் சேர்த்துப் போட்டான். செக்போஸ்ட்டுக்காரர் சொந்தக் காசில் வந்தார். அவர் சம்சாரம் கடலைப் படத்தில் பார்த்தாலே வாந்தி வருகிறது என்று நின்றுகொண்டது.

பையன் போனில் கப்பல் விதிகளை அனுப்பினான். செக்போஸ்ட்டுக்காரர் கண்ணாடி போட்டுப் படித்தார். வயது வந்தவர் ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் கொண்டு வரலாம். முக்கால் லிட்டர். சீல் உடைக்காதது. பிராந்தி கூடாது. பீர் கூடாது. சோடா கூடாது. வீட்டில் செய்த எதுவும் கூடாது.

மாப்பிள்ளை விரல் மடக்கினான்.

"அஞ்சு பேருக்கு அஞ்சு பாட்டல்."

"நான் குடிக்கிறதில்லை" என்றேன்.

"அதுக்கென்னுங் மச்சான். நீங்க கொண்டாந்தாப் போதும். குடிக்கறதுக்கு ஆளிருக்குது."

வீட்டுக்காரி உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்.

"அவிய பேர்ல ஒயினு ஏறுச்சுன்னா நான் கப்பல் ஏறமாட்டேன் தம்பி. நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டு எல்லையில் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. நாலு கறவை மாடு. இருபது மரம் கள்ளுக்கு விட்டது. தேடிப் போகிற வேலை எனக்கு இல்லை. குடித்த காலத்தில் நன்றாகவே குடித்தேன். ஒரு நாள் மாடு கன்று போட்டது. நான் குடித்துவிட்டுக் களத்தில் கிடந்தேன். கன்று குறுக்கே நின்று செத்துப்போனது. கை விட்டுத் திருப்ப ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

வீட்டுக்காரி என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் நான் குடிக்கவில்லை. மறுநாள் காலை, சுவரில் இருந்த தினக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தாள். பால் ரசீது குத்துகிற கம்பி ஒன்று மாட்டுக் கொட்டகையில் தொங்கும். அதில் குத்தினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. குடிக்காத நாளுக்கு ஒரு தாள்.

இருபதாவது நாள் வழுக்கினேன். அவள் பத்தொன்பது தாளையும் உருவினாள். வெந்நீர் அடுப்பில் போட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்த வெந்நீரில்தான் நான் குளித்தேன். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

கப்பலுக்குக் கிளம்பும்போது கம்பியில் நானூற்று இருபத்தெட்டு இருந்தது.

மாப்பிள்ளை பக்கத்துச் சித்தூர் போய் வரிசையில் நின்று மூன்று பாட்டில் ஒயின் வாங்கி வந்தான். அவனுக்கு ஒன்று, தங்கச்சி பேரில் ஒன்று, செக்போஸ்ட்டுக்காரருக்கு ஒன்று. வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். கடைக்காரர், வீட்டில் யாருக்கு மேலுக்குச் சரியில்லை என்று கேட்டாராம்.

மறுநாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மச்சான், கல்யாண நாளுங். நாங்க மூணு பேரும் கிளாஸத் தூக்கையில உங்க கையி சும்மா இருந்தா எனக்கு எறங்காதுங்."

"எறக்கிக்க."

"இல்லீங். ஒரு ரோசனை பண்ணீருக்கறேன். தெளுவு."

தென்னம்பாளையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது தெளுவு. தடவாவிட்டால் கள். தெளுவு இனிப்பு. குழந்தைக்கும் கொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்தச் சுண்ணாம்பு மட்டும்தான்.

வீட்டுக்காரி யோசித்தாள். "தெளுவுன்னாச் சரி" என்றாள்.

"ரெண்டு நாள் தாங்காது" என்றேன்.

"பிரிட்ஜில வெச்சா பாலு தாங்குதில்லீங்களா?"

"பால் வேற."

"எல்லாம் ஒண்ணுதானுங் மச்சான்."

நான் ஒரு தடவைதான் சொல்வேன். சொல்லிவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் மாப்பிள்ளை தெளுவு இறக்க வைத்தான். சுண்ணாம்பு அடியில் தங்கட்டும் என்று வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தான். கல்யாண நாளுக்குச் சுண்ணாம்பு வாடை அடிக்கக் கூடாதாம். வெள்ளை ஒயின் காலிப் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் ஊற்றினான். திருகு மூடி. எண்ணெய் மில்லில் பாட்டில் கழுத்துக்குப் போடும் பிளாஸ்டிக் உறை வாங்கி வந்திருந்தான். மாட்டி வெந்நீர் காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. கடையில் வாங்கினது போலவே இருந்தது. மூவாயிரம் தேங்காய் போடுகிற தோப்புக்காரன். தெளுவை மூடி போட்டு இறுக்கினான்.

கிளம்பும் நாள் காலையில் வீட்டுக்காரி காலண்டரில் அன்றிலிருந்து மூன்று நாள் தாளையும் கிழித்துக் கைப்பையில் வைத்தாள்.

"வந்து கிழிச்சாப் போதாதா நங்கையா?" என்றாள் தங்கச்சி. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வந்து மொத்தமாப் பாத்தா அது கணக்கில்ல. அன்னன்னைக்குப் பாக்கோணும்."

தாளையா என்னையா என்று சொல்லவில்லை.

கொச்சியில் கப்பல் ஏறுகிற இடம் பெரிய கொட்டகை. எக்ஸ்ரே மெஷினில் பை போகிறது. காக்கிப் பேன்ட் போட்ட பெண் ஒருத்தி பாட்டிலை எல்லாம் தனியே எடுத்து மேசையில் வைத்தாள். முதலில் செக்போஸ்ட்டுக்காரர். முப்பது வருசம் கேள்வி கேட்ட ஆள். கேள்விக்கு நிற்கத் தெரியவில்லை. அவள் பெயர் கேட்டாள். அவர் பெயர் சொன்னார், அப்பா பெயர் சொன்னார், ஊர் சொன்னார். பிறகு "பையில வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். அதை யாரும் கேட்கவில்லை. அவள் பையை முழுவதும் கொட்டினாள். வறுத்த கடலையும் மூட்டுவலித் தைலமும் இருந்தது.

"தைலம் மூட்டுக்குங்க" என்றார். வேர்த்துவிட்டது.

அடுத்து என் பாட்டில். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது எந்தா?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டான். "வைட் வைனுங்க மேடம். பழசு."

முந்தின நாள் பழசு. பொய் என்று சொல்ல முடியாது. அவள் ஒரு சீட்டில் என் பெயரையும் அறை எண்ணையும் எழுதிப் பாட்டில் கழுத்தில் கட்டினாள். குடித்த காலத்தில்கூட ஒரு பாட்டிலில் என் பெயர் எழுதினதில்லை.

வீட்டுக்காரி முறை. அவள் கூடையில் இரண்டு லிட்டர் மோர். வெளித்தண்ணீர் சேராது என்று கொண்டு வந்தது.

"இது பற்றில்லா அம்மே. வீட்டிலுண்டாக்கியது பாடில்லா."

"ஒயினு போலாம். மோரு போகக் கூடாதுங்களா?"

"ரூல் அங்ஙனெயா."

வீட்டுக்காரி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். மேசையில் இருந்த பாட்டில்களைப் பார்த்தாள். விவாதம் பண்ணவில்லை. கூடையிலிருந்து டம்ளரை எடுத்து வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்ற ஆரம்பித்தாள். மும்பைக் குடும்பம் ஒன்று குடித்தது. ஒரு கிழவர் இரண்டு டம்ளர் கேட்டார். காக்கிப் பெண்ணுக்கும் நீட்டினாள். டியூட்டி என்று தலையாட்டினாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு என் பாட்டிலை இன்னொரு தடவை பார்த்தாள். அதற்குள் வரிசை தள்ளியது. ஏறிவிட்டோம்.

அறை நன்றாக இருந்தது. கட்டில், கண்ணாடி, சின்ன பிரிட்ஜ். பாட்டிலை பிரிட்ஜில் வைத்தேன். வாசல் பக்கம் ஒரு துளையில் சாவி அட்டையைச் செருகினால்தான் கரண்ட். வெளியே போகும்போதெல்லாம் வீட்டுக்காரி அட்டையை உருவிச் சுருக்குப்பையில் போட்டாள்.

"ஆளில்லாத ரூம்புல கரண்ட்டு எதுக்குங்க."

அட்டையோடு பிரிட்ஜும் நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. முதல் நாள் பகல் முழுக்க மேல்தளத்தில் கடல் பார்த்தோம். சாயங்காலம் ஆட்டம் பாட்டம் பார்த்தோம். மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் போய்ப் பதினொரு மணி வரை சுற்றினோம். பாட்டில் வெதுவெதுப்பில் இருந்தது.

அந்த மறுநாள்தான் கல்யாண நாள். சாப்பாட்டு மேசையில் நம் பாட்டிலைத் திறந்தால் அதற்குத் தனிக் காசு என்று பரிமாறுகிறவன் சொன்னான். அதனால் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் எங்கள் அறையில் கூடினோம்.

மாப்பிள்ளைக்கு முதல் அடி தங்கச்சியிடம். அவள் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினான். அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் பேர்ல வந்தது எனக்குத்தானுங்க."

"உனக்கெதுக்குடி?"

"முப்பது வருசத்துல எம் பேர்ல நீங்க வாங்குன மொத சாமான். குடுக்கமாட்டேன்."

செக்போஸ்ட்டுக்காரர் தன் பாட்டிலைக் காலுக்கு நடுவில் நகர்த்தினார்.

நான் பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. பாட்டிலைக் கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. குளிர் இல்லை. மூடி மேலே உப்பியிருந்தது. உள்ளே சின்னச் சின்னதாக ஏறிக்கொண்டிருந்தது.

"திறக்க வேண்டாம்" என்றேன்.

"நல்ல நாளதுவுமா அப்புடிச் சொல்லாதீங் மச்சான்."

பாட்டில் என் கையில் இருக்கும்போதே அவன் மூடியைத் திருகினான்.

மூடி கூரையில் அடித்தது. செக்போஸ்ட்டுக்காரர் கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருசப் பழக்கம். நுரை என் முகத்தில், சட்டையில், மெத்தையில். வீட்டுக்காரி அன்றைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாளிலும். தங்கச்சி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

அறை முழுக்கக் கள் வாசம்.

"தெளுவுதானுங்க அக்கா" என்றான் மாப்பிள்ளை. மெதுவாகச் சொன்னான்.

வீட்டுக்காரி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உள்ள போச்சுங்களா?"

"மீசைல பட்டுச்சு."

"நாக்குல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நுரைக்குச் சாட்சி இல்லை. ஆனால் உதட்டை நாக்கு அதுவாகவே ஒரு தடவை துழாவிவிட்டது. எனக்குத் தெரியும்.

"பட்டுச்சு" என்றேன்.

மாப்பிள்ளை வழக்காட ஆரம்பித்தான். ஏறும்போது தெளுவு, அக்காவே சரி என்று சொன்ன தெளுவு, வழியில் அது என்ன ஆனால் மச்சான் என்ன பண்ணுவார் என்றான். கட்டிலுக்குப் பின்னாலிருந்து செக்போஸ்ட்டுக்காரர் எழுந்தார்.

"அப்புடி இல்லீங்க. கெளம்புன எடத்துல என்ன இருந்துச்சுங்கறது பேச்சில்ல. புடிச்ச எடத்துல என்ன இருக்குதோ அதுதான் கேசு."

"ஏனுங், நீங்க யாரு கட்சி?"

"நான் சட்டத்தச் சொல்றனுங்."

"சட்டம் தெரிஞ்ச ஆளு தைலத்துக்கு ஏனுங் அப்புடி வேர்த்தீங்க?"

அவர் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாட்டிலில் பாதிக்கு மேல் நின்றது. இன்னும் என் கையில்தான். எங்கள் ஊர்த் தோப்பு மரம். வாசம் எனக்குப் பழகின வாசம். வாய் ஊறியது. மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மடக்கு. தாள் நனைந்தாகிவிட்டது. நாள் போனது போனதுதான். போன நாளில் ஒரு மடக்கு குடித்தால் என்ன, பாட்டிலோடு குடித்தால் என்ன. எனக்கு மற்ற கணக்கு வராது. இந்தக் கணக்கு மட்டும் நன்றாக வரும்.

வீட்டுக்காரி பாட்டிலைப் பிடுங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நனைந்த தாளை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நின்றாள். சொட்டியது.

குளியலறைக்குள் போனேன். கை கழுவும் தொட்டி சின்னது. ஊற்ற ஊற்ற நுரை பொங்கி மேலே வந்தது. நிறுத்தி நிறுத்தி ஊற்றினேன். தண்ணீர் விட்டேன். நேரம் பிடித்தது. மூச்சை வாயால் விட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்தான்.

"கடைசிச் சொட்டாவது உடுங் மச்சான். மீனெல்லாம் தடுமாறப் போகுது."

"தடுமாறட்டும்."

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். என் பெயர் எழுதின சீட்டு கழுத்தில் தொங்கியது. அதைக் கிழித்துப் போட்டேன்.

முகம் கழுவி வந்தபோது அறையில் வெந்நீர்க் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி எனக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டிருந்தாள். அவர்கள் ஒயினைத் தூக்கினார்கள். நான் சாயாவைத் தூக்கினேன். மாப்பிள்ளைக்கு இறங்கியது.

தங்கச்சி தன் பாட்டிலிலிருந்து இரண்டு விரல் அளவு ஊற்றி வீட்டுக்காரியிடம் நீட்டினாள்.

"நங்கையா, சும்மா ஒரு வாயி."

வாங்கமாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள். மோந்து பார்த்தாள். குடித்தாள்.

"அக்கா" என்றான் மாப்பிள்ளை. வாய் திறந்தபடி நின்றான்.

"எனக்கென்ன. எனக்கா கம்பியில தாள் குத்தறேன்?" என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். "திராட்சைய ஊறப் போட்டு மறந்துட்டாப்பல இருக்குது. இதுக்கா வரிசையில நின்ன?"

டம்ளரைக் காலி பண்ணித்தான் கொடுத்தாள்.

பிறகு அந்தத் தாளைக் கண்ணாடி மேல் ஒட்டிக் காயவிட்டாள். சாயங்காலம் காய்ந்து சுருண்டது. எடுத்துப் பையில் வைத்தாள். மற்ற இரண்டு தாளோடு வைத்தாளா, தனியாக வைத்தாளா என்று நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. மறுநாள் கொச்சியில் இறங்கி வண்டி பிடித்து ஊர் வரும் வரைக்கும் மாப்பிள்ளைதான் பேசினான். தெளுவில் சுண்ணாம்பை விட்டிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தான்.

ஊர் வந்த மறுநாள் விடிந்ததும் எழுந்தேன். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரி அதன் முன்னால் குத்தவைத்துப் பாளையை முறித்துத் திணித்துக்கொண்டிருந்தாள். பாளை மட்டும்தானா என்று தெரியவில்லை. முன்பும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி காஞ்சிருச்சுங்க" என்றாள்.

குளித்தேன். அவள் பால் கேனை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். அவள் வேலி தாண்டும் வரை மாட்டுக்குத் தவிடு கலக்கினேன். பிறகு கொட்டகைக்குள் போனேன்.

கம்பி தொங்கியது. தாளும் இருந்தது.

கழற்றித் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தேன். இத்தனை நாளில் நான் எண்ணினதில்லை. எண்ணுவது அவள் வேலை. நானூற்று இருபத்தெட்டோடு மூன்றும் ஏறியிருந்தால் இவ்வளவு, நனைந்தது ஏறாவிட்டால் ஒன்று குறைவு என்று மனதில் வைத்துக்கொண்டு அடியிலிருந்து எண்ணினேன். எச்சில் தொட்டு எண்ண வேண்டியிருந்தது. நடுவில் மாடு கத்தியது. விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். மேலே வந்தபோது ஒரு தாள் விறைப்பாக இருந்தது. பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்தேன். இன்னும் வாசம் போகவில்லை. அதற்கு மேலே ஒன்று.

நானூற்று முப்பத்தொன்று.